நடுவீடு

பதினொன்று பத்துக்குத் தாலிகட்டு. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. தியாகலிங்கம் விட்பியிலிருந்து வந்து காரை நிறுத்தியபோது பத்தரை ஆகிவிட்டது. இறங்கியதும் புகைபோக்கிதான் கண்ணில் பட்டது. கூரைக்கு மேலே, இரண்டாள் உயரத்தில், அத்தனை செங்கல்லும் அப்படியே நின்றன.

ஸ்காபரோவில் எப்போதோ ஓர் ஆலை முதலாளி, இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகையைப் பார்த்துக் கட்டிய வீடு. கற்சட்டம் போட்ட நெடிய ஜன்னல்கள். ஓக் பலகை பதித்த சுவர்கள். கூடத்தின் நடுவில் ஒரு மாட்டைக் கட்டக்கூடிய அளவு பெரிய கணப்படுப்பு. அதன் செங்கல் தூண் மேல்மாடியைத் துளைத்துக்கொண்டு, புகைபோக்கியாகக் கூரைக்கு வெளியே போனது. வீடு முழுவதும் அதைச் சுற்றித்தான் எழும்பியிருந்தது. போன வருடம் அத்தான் ஸ்ரீஸ்கந்தராசா இதைக் கலியாண மண்டபமாக்கவென்று வாங்கியபோது, எல்லோரும் அந்த அடுப்பின் முன் நின்று படம் எடுத்தார்கள். இன்று முதற்கலியாணம், அவருடைய மகள் கௌசிக்கு.

தியாகலிங்கம் உள்ளே போனார். அடுப்பு இருந்த இடத்தில் மணவறை இருந்தது.

அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவீட்டில் நெருப்பும் கூடாது, பாரமும் கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டாராம். பழைய கட்டடம் என்பதால் வெளித்தோற்றத்தில் ஒரு கல்லை அசைக்கவும் அனுமதி இல்லை. ஆகவே அடுப்பையும் கூடத்துக்குள் நின்ற தூணையும் மட்டும், ஒருவருக்கும் சொல்லாமல், உள்ளுக்குள் உடைத்து எடுத்தார்களாம்.

"மேலை?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"மேலை ஒண்டிலையும் கை வைக்கேல்லை. பலகை அடிச்சு மூடியாச்சு. நீ தாய்மாமன், இஞ்சினியர் மாதிரி முகட்டைப் பாத்துக்கொண்டு நிக்காமல் போய் வேட்டியைக் கட்டு."

அவர் மேலே போனார். மணப்பெண் அறை மணவறைக்கு நேர் மேலே இருந்தது. கௌசி தலைநகையோடு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தப் போனார். அது நிலையில் இடித்து நின்றது.

"விடிய வரேக்கை வடிவாப் பூட்டினது மாமா. வீட்டுக்கும் என்னை மாதிரி நேர்வஸ் போல."

தோழிப்பெண் சிரித்தாள். அவர் புகைபோக்கியை மூடி அடித்திருந்த பலகையில் காதை வைத்தார். உள்ளே மணல் வழிவதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வழிந்தது.

படியில் அக்கா குணவதியை மறித்து, சடங்கை வெளியே புல்தரையில் வைக்கலாம் என்றார். அவள் காரணம் கேட்டாள். சொல்லத் தொடங்கியதும் அவர் வாயைப் பொத்தினாள். தாலி ஏறமுன் வீடு விழும் என்று ஒரு சொல் விழுந்தால், மாப்பிள்ளை வீட்டார் காலமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுவார்களாம். வாழ்த்த வந்த வாயால் இதைச் சொல்லலாமா என்று கேட்டாள்.

அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

மாப்பிள்ளை பிரவீனன் மணவறையில் இருந்தான். கௌசியை அழைத்து வந்து அருகில் இருத்தினார்கள். மேளக்காரர் குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஐயரின் கையைப் பார்த்திருந்தார். அட்சதைத் தட்டு அவரவர் கைக்கு வந்துகொண்டிருந்தது.

தியாகலிங்கத்திடம் வந்த தட்டில், மஞ்சள் அரிசியின் மேல் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண் குங்குமம் என்று தொட்டு நெற்றியில் வைத்தாள். அவர் விரலால் நசுக்கினார். நறநறத்தது. அண்ணாந்து பார்த்தார். புதுப் பூச்சில் ஒரு கோடு, மணவறையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு.

ஐயர் தாலியை எடுத்தார். தியாகலிங்கம் தட்டைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் திரும்பிப் பார்க்க, சபை முழுவதும் கேட்கும்படி, அவர் குரல் எழும்பியது.

"அத்தான், மேலை நிக்கிற செங்கல் எல்லாம் இப்ப எதிலை நிக்குது?"