கடைசி வாய் தம்பிக்கு

தாகம் எடுத்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். அக்காவுக்குக் கலர் சோடாதான் ஞாபகம் வரும், அதிலும் ஆரஞ்சுக் கலர். காலையில் வேலைக்குப் போனதும் ஒரு பாட்டில், மதியம் சாப்பாட்டோடு ஒன்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தம்பியின் எதிரில் உட்கார்ந்து ஒன்று. நடுவில் யாராவது வாங்கிக் கொடுத்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓசியில் வந்தது உடம்பில் ஒட்டாது என்பது அவள் கட்சி.

நியாயமாகப் பார்த்தால் தம்பி ஒருவன்தான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில், அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மேலே இருக்கிற அத்தனை அறைகளின் படுக்கை விரிப்புகளும் கீழேதான் வந்து சேரும். துவைத்த ஈர விரிப்பின் ஒரு முனையை அக்கா பிடிப்பாள், மறுமுனையை ஒட்டடைக்குச்சி பிடிப்பாள். வளர்ந்து ஒல்லியாக இருந்த அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தவளே அக்காதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய் மடிந்துவிடும். நாள் முழுக்க அந்த வெக்கையில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாசல் பக்கமாகக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதை அங்கே கொண்டுவந்து வைத்தவன் நல்ல வியாபாரி, வேறென்ன சொல்ல.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். அக்காவுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, கொஞ்ச நாளில் கழன்றுகொண்டது. அதைச் சொல்லி இந்தக் கதையைக் கெடுக்க வேண்டாம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனைப் படிக்க வைத்து, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலையில் சேர்த்துவிட்டு, அப்பாடா என்று அவள் உட்கார்ந்த நேரத்தில் அவனுடைய இரண்டு கிட்னியும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அவன் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அளந்து சொன்ன தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாட்டில். மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். கோடையோ மழையோ, மறுநாள் காலை வரைக்கும் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அக்கா சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கலர் குடித்தாள். மூடி திறக்கும் சத்தம் தம்பியின் கட்டில் வரைக்கும் கேட்டது.

"எதுக்குத் திருட்டுப்பூனை மாதிரி உள்ள போய்க் குடிக்கிறே? இங்க வந்து குடி. பார்த்துட்டாவது இருக்கேன்" என்றான்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிப் போனது. தம்பி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். அக்கா எதிரில் ஸ்டூலில் உட்காருவாள். எப்படித் திறக்க வேண்டும், எப்படிக் குடிக்க வேண்டும் என்று அவன்தான் உத்தரவு போடுவான்.

"மெதுவாத் திற. சத்தம் முழுசாக் கேக்கணும்."

திறப்பாள்.

"பெருசா ஒரு வாய். தொண்டையில எரியுதா?"

"எரியுது."

"மூக்குல ஏறுச்சா?"

"ஏறுச்சு, ஏறுச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

தம்பி எச்சிலை விழுங்கிக்கொண்டு சிரிப்பான். கொஞ்ச நேரம் அவனுக்கு நோய் இருப்பதே மறந்துபோகும். பாட்டிலின் அடியில் ஒரு வாய் மட்டும் அக்கா மிச்சம் வைப்பாள். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டில்தான் கிடைக்கும், முதல் வாய் அக்காவுக்கு, கடைசி வாய் தம்பிக்கு. அந்தச் சட்டத்தை இருவரும் மீறியதே இல்லை. இப்போது அவனுடையதை அவள் குடிக்க மாட்டாள், அவனோ குடிக்கக் கூடாது. அதனால் அந்தக் கடைசி வாய் தினமும் தொட்டியில் போய்க் கொட்டப்பட்டது.

தன்னுடைய கிட்னியில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று அக்கா சொன்னபோது தம்பி ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினான்.

"உனக்கு இதனால ஒண்ணும் ஆகாதுன்னா சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என்னால உன் உடம்புக்கு ஏதாவது வந்துச்சுன்னா, நான் அந்த மெஷின் பக்கமே போகமாட்டேன். அப்படியே படுத்துடுவேன்."

அவன் சொன்னால் செய்வான். சின்ன வயதில், அக்காவை அடித்தார் என்பதற்காக அப்பாவிடம் பல மாதம் பேசாமல் இருந்தவன் அவன். அக்காவுக்கு அந்தப் பிடிவாதம் நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ரத்தம் சேர்ந்தது. ஆனால் டாக்டர் இன்னொன்று சொன்னார்.

"உங்க சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதும்மா. கூல்டிரிங்க்ஸ் குடிப்பீங்களா?"

"எப்பவாவது ஒண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"மூணு" என்றாள் அக்கா. "ஒரு நாளைக்கு."

"சுத்தமா நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. சர்க்கரை இறங்கினாத்தான் மத்த டெஸ்ட்டுக்கே போகமுடியும்."

தம்பியிடம் வந்து சொன்னாள். "அப்ப சாயங்காலம் நான் எதைப் பார்க்கிறது?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் முகம் தொங்கிப்போயிற்று.

விட்டுவிடுவது என்று வாயால் சொல்வதற்கு ஒரு நொடி போதும். முதல் வாரம் அக்காவுக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. காரணமே இல்லாமல் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். விரிப்புகள் ஒன்று மாற்றி ஒன்று கோணிக்கொண்டு போயின, மேற்பார்வையாளர் வந்து முறைத்துவிட்டுப் போனார். ஒட்டடைக்குச்சிதான் பொறுத்துக்கொண்டாள். காலையில் முதல் வேலையாக அழுக்குத்துணி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து குளிர்பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். யாராவது நகர்த்தினால் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்துவாள். "பெட்டி கண்ணுல படலேன்னா பாதித் தொல்லை விட்டுதுக்கா" என்பாள்.

ஒருநாள் அழுக்கு விரிப்புகளைப் பிரிக்கும்போது, சுருட்டி வந்த ஒன்றுக்குள் ஒரு பாட்டில் கிடந்தது. மேலே எந்த அறையிலோ எவனோ பாதி குடித்துவிட்டுப் போட்டது. அதே ஆரஞ்சு. வெதுவெதுப்பாக இருந்தது, நுரையெல்லாம் செத்துப்போயிருந்தது. அக்கா மூடியைத் திருகினாள். உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"அடுத்தவன் எச்சில்க்கா அது" என்றாள் ஒட்டடைக்குச்சி, மெதுவாக.

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். அந்த அழுக்குத் துணிக் குவியலிலேயே உட்கார்ந்து அழுதாள். எவனோ குடித்து மிச்சம் வைத்ததற்காகத் தம்பியின் உயிரை விற்கப் பார்த்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒட்டடைக்குச்சி பக்கத்தில் நின்றுகொண்டு, மிச்சத் துணிகளை அவளே பிரித்துப் போட்டாள்.

வீட்டில் சாயங்காலங்கள் பெரும்பாடாக இருந்தன. கலருக்குப் பதிலாக ஒரு டம்ளர் தண்ணீரோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தண்ணியை எதிர்ல வெச்சுக் குடிக்காதேக்கா. கலர்னா வேடிக்கை. தண்ணின்னா வயித்தெரிச்சல்."

அதற்கப்புறம் அவள் தண்ணீரைச் சமையலறையில் நின்று குடித்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது, டயாலிசிஸ் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அக்கா தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஆசை எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியாது. ஒரு மதியம் பக்கத்தில் யாரோ பாட்டிலைத் திறந்தபோது அந்த வாசனை இருமல் மருந்து வாசனையாக வந்து அடித்தது. அக்கா எழுந்து வேறு பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். ஒட்டடைக்குச்சி அதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து குளிர்பெட்டிக்கு முன்னால் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டாள்.

சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். மற்ற டெஸ்ட்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். அக்கா எல்லாவற்றுக்கும் கையை நீட்டினாள். முடிவு கேட்கப் போன அன்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள், அந்தப் பைத்தியக்காரி.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டர். அந்தக் குரலிலேயே பாதி தெரிந்துவிட்டது. "உங்க கிட்னியே புரோட்டீனைக் கசிய விடுது. உங்ககிட்டேருந்து ஒண்ணை எடுக்கமுடியாது. எடுத்தா நாளைக்கு உங்க தம்பிக்குப் பக்கத்துல நீங்களும் படுக்கவேண்டியதுதான்."

"கலராலயா சார்?"

"அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா உங்களுக்குத் தெரியாமலே சர்க்கரை ரொம்ப நாளா ஏறியிருக்கு. இப்ப விட்டுட்டீங்களே, அப்படியே விட்டுடுங்க. இனிமே அதைத் தொடவே கூடாது."

"தம்பிக்குத் தெரியவேணாம் சார்."

"குடுக்க வர்றவங்க விஷயத்தை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லை. அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தம்பியிடம் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் அந்த ஸ்டூலைப் பார்ப்பான். மெதுவாகத் திற, பெரிதாக ஒரு வாய் குடி என்று சொன்ன சாயங்காலங்களை ஒவ்வொன்றாக நினைப்பான். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றால் கிளம்ப மாட்டான். அப்படியே படுத்துவிடுவான். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய், அவள் திரும்பி நடந்து வந்தாள்.

"கடைசி டெஸ்ட்ல சேரலையாம்" என்றாள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. முகத்தைக் காட்டாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

"எது சேரலை?"

"உன் ரத்தமும் என் ரத்தமும்."

"நம்ம ரத்தமா சேரலை?" என்றான் தம்பி. "சரி விடு. உன்னைக் கீறிப்போடாம விட்டாங்களே, அது போதும். வேற யாராவது கிடைப்பாங்க."

கிடைப்பார்கள் என்று இருவருமே நம்பவில்லை. அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கொஞ்சம் பொறுத்துத் தம்பி கூப்பிட்டான். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று.

"கடைக்குப் போய் ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வாயேன்."

"எதுக்குடா இப்ப?"

"எனக்காகத்தானே விட்டே. அதான் இல்லேன்னு ஆயிடுச்சே, இனிமே எதுக்குப் பத்தியம்? உனக்குன்னு இருந்த சந்தோஷம் அது ஒண்ணுதான்."

"பழக்கம் விட்டுப்போச்சு. பிடிக்கவும் இல்லை."

"உனக்கா? கலரா?" தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவளை உற்றுப் பார்த்தான். "டாக்டர் வேற ஏதாவது சொன்னாராக்கா? உனக்கு ஏதாவதுன்னு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

தெருக்கோடிக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும், கேட்காமலே ஆரஞ்சுக் கலரை எடுத்து நீட்டினார். "எங்கேக்கா, ஆளையே காணோம்?" என்றார். அக்கா கடையோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பாட்டிலின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. கீழே போட்டு உடைத்துவிட்டு, கடையில் இல்லை என்று சொல்லலாம். இன்றைக்குச் சொல்லலாம். நாளைக்கு என்ன சொல்வது?

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மெதுவாத் திற" என்றான் தம்பி.

சத்தம் முழுசாகக் கேட்டது. தம்பி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தான். அவள் பெரிதாக ஒரு வாய் குடித்தாள். நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது, அதே இருமல் மருந்து வாசனை அடித்தது. விழுங்கினாள்.

"எரியுதா?"

"எரியுது."

"மூக்குல ஏறுச்சா?"

"ஏறுச்சு. பாரு, கண்ணுல தண்ணி."

"உனக்கு எப்பவுமே அப்படித்தான்" என்று தம்பி சிரித்தான். அவன் முகத்தில் ரத்தம் கொஞ்சம் ஓடியதைப் பார்த்தாள். இந்த முகத்துக்காக எதைக் கொடுத்தாலும் குடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. இன்னும் ஒரு வாய் குடித்தாள், இன்னும் ஒன்று. வழக்கம்போல் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு, தொட்டியில் கொட்ட எழுந்தாள். எப்படியோ அதுவரைக்கும் குடித்துத் தீர்த்தோமே, அப்பாடா என்று இருந்தது.

"உட்காருக்கா" என்றான் தம்பி. "கொட்டாதே. அதையும் நீயே குடி."

"அது உன்னோடதுடா."

"அதான் சொல்றேன். சின்ன வயசுலேருந்து என்னோடது, இன்னைக்கு உனக்குத் தர்றேன். எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டே. திருப்பிக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அக்கா நின்றுகொண்டே அதைக் குடித்தாள். ஒரு சொட்டு விடவில்லை.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

தம்பி நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தான். "நாளைக்கும் வாங்கிட்டு வாக்கா" என்றான்.

"சரிடா" என்று சொல்லிவிட்டு அக்கா பாட்டிலைக் கழுவப் போனாள்.