அளவு சொன்னவர்

பெட்டிக்குள் இறக்கியதும் ஆண்டனி ராஜின் உடம்பு இடது பக்கமாகச் சரிந்தது. பக்கத்துத் தோட்டத்து ராக்கப்பன் தோளைப் பிடித்து நடுவில் வைத்தான். கையை எடுத்ததும் மறுபடியும் சரிந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

அப்பன் இன்னாசி தலைமாட்டில் நின்று அதைப் பார்த்தார். காலையில் பழனிசெட்டிபட்டிக்குப் போய்ப் பெட்டி எடுத்து வந்தது அவர்தான். கடைக்காரன் சாதாரண அளவில் ஒன்றைக் காட்டி, ஆள் எப்படி என்று கேட்டான். நல்ல பெரிய ஆள், ரெண்டு ஆள் அகலம் என்றார். போட்டோ இருந்தால் காட்டுங்கள் என்றான் அவன். சின்னதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று இவருக்குக் கோபம் வந்தது. என் மகன் அளவு எனக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டு, இருப்பதிலேயே அகலமானதை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அந்த அளவு மூன்று வருசத்துக்கு முந்தையது. அப்போது அவன் நூற்று நாற்பத்தெட்டு கிலோ. மருமகள் அருள்செல்விதான் மதுரைக்குக் கூட்டிப் போய், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேசனைச் செய்ய வைத்தாள். இன்னாசி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவன் எவனையும் அவர் நம்பியதில்லை. நல்லா இருக்கிற வயிற்றை எவனாவது அறுப்பானா?

வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஒரு கிண்ணம் சோற்றை அரை மணி நேரம் தின்றான். ஒரு வாய் கூடிப்போனால் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தான். தலைமுடி கொட்டியது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராமல் நழுவினான். பூனைக்கு வைக்கிற சோறு என்று இன்னாசி அவன் காதுபடச் சொல்லுவார். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஆபரேசனுக்கு அப்புறம் இவர் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை, முகம் பார்த்துப் பேசியதும் இல்லை.

நேற்று மத்தியானம் திராட்சைத் தோட்டத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றான். தேனிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் பல வருசமாகவே கெட்டுக் கிடந்திருக்கிறது, உடம்பு அப்படியே இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தாய் ஜெயமேரி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, எல்லாரும் பாருங்க. எம்பிள்ள பாதிதான் இருக்கான். மீதியத் தின்னவ இந்தா நிக்கிறா."

கூட்டம் காலி இடத்தைப் பார்த்தது. பிறகு அருள்செல்வியைப் பார்த்தது. அவள் மகள் பெனிஷாவின் கையைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

"அடக்கம் முடிஞ்சதும் இவ ஆத்தா வீட்டுக்குப் போயிரணும். பெனிஷா எங்கிட்ட இருக்கட்டும்." ஜெயமேரி புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. மூணு வருசமாச் சொன்னத இப்பச் சொல்லுங்க."

பொய் இல்லை. இவள் என் பையனை முடித்துவிட்டுத்தான் ஓய்வாள் என்று மார்க்கையன்கோட்டை டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்தவர் அவர்தான்.

அவருக்குப் பந்தல் ஞாபகம் வந்தது. திராட்சைப் பந்தல் ஆள் மட்டத்துக்கும் தணிவு. உள்ளே போனால் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். பெருத்திருந்த காலத்தில் ஆண்டனி ராஜ் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை ஏவுவான். முதலாளி மாதிரி இருக்கான் என்று இன்னாசிக்கு ஒரு பெருமை. போன தை மாசம் ஒரு நாள் நாற்காலி காலியாகக் கிடந்தது. தேடிப் போனால், பந்தலுக்குள் ஆளோடு ஆளாகக் குனிந்து கொடி கட்டிக்கொண்டிருந்தான். யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்தான். இவர் முதுகுப் பக்கமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"அவன் பாதி ஆகல மேரி," என்றார் இன்னாசி. "பெட்டிதான் பெருசு. அளவு சொன்னவன் நான். பழைய அளவச் சொல்லிட்டேன்."

அவர் குனிந்து மகன் முகத்தைப் பார்த்தார்.

"மூணு வருசமா அவன நான் பாக்கல. அதான்."

ஜெயமேரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"ஆத்தாளும் மகளும் இங்கனதான் இருப்பாக."

ஜெயமேரியின் கை விளிம்பை விட்டது. ராக்கப்பன் அவளைக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான்.

இன்னாசி மருமகள் பக்கம் போனார். அவளிடம் நேருக்கு நேர் பேசி எத்தனை நாள் ஆயிற்றோ.

"ஏத்தா, அவனுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சா?"



"கஷ்டந்தான் மாமா. ஏண்டா பண்ணுனோம்னு அழுதுகூட இருக்காக. ஆனா, எங்கால நானே குனிஞ்சு கழுவுறேன் செல்வி, அது போதும்னு சொன்னாக."

உள்ளே போனவள் நாலு சட்டைகளோடு வந்தாள். பெரிய பெரிய சட்டைகள்.

"தூக்கிப் போட விடல மாமா. திரும்ப ஊதிட்டா வேணுமேன்னு பீரோவுல வச்சிருந்தாக."

அவனும் எதையும் முழுசாக நம்பியவன் இல்லை போல.

சர்ச்சிலிருந்து சாமியார் வந்துவிட்டார், சீக்கிரம் ஆகட்டும் என்று வாசலில் குரல் கேட்டது. இன்னாசி பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகனின் தோள் எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்தார். முதல் சட்டையைச் சுருட்டித் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்தார். அந்த இடத்துக்குப் பெரிதாக இருந்தது. எடுத்துப் பிரித்து, மறுபடியும் மடித்தார்.