பதினான்காவது கேள்வி

எட்டு மாதமாக என் மகன் ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. பம்ப் தயாரிக்கிற கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு கம்பெனிக்காரர்களே போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். காதில் எந்நேரமும் ஹெட்போன். அதில் பாட்டு எதுவும் ஓடாது, வயர் மேஜைமேல் சும்மா கிடக்கும்.

"அப்ப எதுக்குடா அது?" என்று கேட்டேன்.

"அவங்க சத்தம் கொஞ்சம் குறையும்."

யார் அவர்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல். நீ உருப்படமாட்டாய், செத்துத் தொலை என்று காலையில் கண் விழித்ததிலிருந்து மாற்றி மாற்றிப் பேசுமாம்.

நான் டாக்டர்களை நம்புகிறவன் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதன் பிறகு நாற்பத்தொரு வருடம் லேத் மெஷினில் இரும்பு கடைந்தேன். இரும்பு என்றால் தொட்டுப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். மூளையை யார் தொட்டுப் பார்த்தார்கள்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மாத்திரை எழுதித் தருவார்கள் என்பதுதான் என் கட்சி.

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் ஒரு பெண் மூளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று என் வீட்டுக்காரிதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். குரல் கேட்கிற பிள்ளையையும், எதுவும் கேட்காத அப்பனையும் ஜோடியாகப் படம் பிடிக்கிறாளாம். படம் எடுத்துக்கொண்டவர்களை அன்றைக்கே நாலாம் மாடி டாக்டர் கூப்பிட்டுப் பார்ப்பாராம். எந்த டாக்டரிடமும் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தவன் இதற்கு மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னான்.

"அவரும் படுத்தா நான் படுக்கறேன். என் தலையை மட்டும் எதுக்குத் திறந்து பாக்கணும்?"

கிளம்பும்போது வீட்டுக்காரி என் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல இழுத்துப் பிடித்தாள். "ஏங்க, அங்க போய் யார்கிட்டயாவது சண்டை இழுத்து அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தீங்க, உங்களுக்கு இந்த வீட்ல சோறு கிடையாது."

அந்த மூளைக்காரியைப் பெரிய கண்ணாடியும் மிடுக்குமாக நினைத்திருந்தேன். நாற்பது வயதுப் பெண், ரப்பர் செருப்பு, தலையைச் சீவ மறந்த மாதிரி இருந்தாள். மகனை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். மெஷினில் படுக்கும் முன் பதினெட்டுக் கேள்வி இருக்கிறது, நானே படிக்கிறேன், நீங்கள் பதில் சொன்னால் போதும் என்றாள்.

இதய ஆபரேஷன் உண்டா, உடம்பில் கம்பி, திருகு உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். லேத் பட்டறையில் கண்ணில் இரும்பு விழுந்தது என்று சொல்கிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள். அன்றைக்கு மெஷினை அவன் கையில் தரமாட்டார்கள். பக்கத்து மெஷின்காரன் தீக்குச்சி முனையால் எடுத்துவிடுவான், அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருபது வயதில் பழகியது எழுபதில் போய்விடுமா?

பதினான்காவது கேள்வி வந்தபோது அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"ஆள் இல்லாதப்ப யாரோ பேசற மாதிரி குரல் கேட்டிருக்கா ஐயா? வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எனக்கே கேட்டிருக்கு. இருபத்து மூணு வயசுல."

என் வாயைப் பிடுங்கப் போடுகிற தூண்டில் என்று நினைத்தேன். படித்து முடித்த பெண் இதைப் போய் வெளியில் சொல்வாளா?

"இல்ல" என்றேன்.

கேள்விகள் முடிந்து கையெழுத்துப் போட முழங்கையை மேஜைமேல் வைத்தேன். அவள் கண் என் கையிலேயே நின்றது.

"இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் என்ன?"

"நாப்பது வருஷம் லேத்து. சூடா இரும்புச் சுருள் தெறிக்கும். பட்ட தழும்பு."

"கையில இவ்ளோ பட்டிருக்கு. கண்ணுல ஒண்ணுகூடப் படலையா?"

"கண்ணை மூடிக்குவேன்."

"நாப்பது வருஷமும் கண்ணை மூடிக்கிட்டா வேலை பாத்தீங்க?"

கதவருகே நின்ற மெஷின் ஆபரேட்டர் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கீழே அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். "நேரம் போயிடும் மேடம், அடுத்த ஆள் வந்தாச்சு" என்றான் அவன். போனால் போகட்டும் என்றாள்.

எக்ஸ்ரேயில் இடது கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. பென்சில் முனை உடைந்து விழுந்தது போல. அந்த மெஷின் முழுக்கக் காந்தமாம். படுத்திருந்தால் அந்தத் துண்டு உள்ளேயே நகர்ந்து கண்ணைக் கிழித்துப் பார்வையைப் பறித்திருக்குமாம். இத்தனை வருடம் என்னோடு குடியிருந்தது எனக்கே தெரியாது.

அவள் ஒரு நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்து ஒரு வரியை அடித்தாள். அதில் நாற்பது என்று எழுதியிருந்தது. எத்தனை ஜோடி வேண்டும் என்று கேட்டேன். நாற்பது என்றாள். எத்தனை கிடைத்தது என்றேன். முப்பத்தொன்பது. கண்ணைப் பற்றிக் கேட்காமல் என்னைப் படுக்க வைத்திருந்தால் அவள் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். கையெழுத்துப் போட்டது நான், பொய் சொன்னதும் நான். அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு போல்ட்டில் மரை சரியில்லை என்று முழு மெஷினையும் கழற்றிப் போட்டவனை என் வாழ்க்கையில் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். இவள் இரண்டாவது.

வெளியே மகனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்குத் தெரியும். கடைசி நிமிஷத்துல அவருக்கு ஏதாவது வந்துடும். கண்ணோ காலோ. பைத்தியம்னு பேர் வாங்க வேண்டியது நான் ஒருத்தன் மட்டும்தான்."

"டேய், நிஜமாவே இரும்புடா. படத்தைப் பாரு."

"நான் வீட்டுக்குப் போறேன்பா."

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான். லிப்ட் பக்கம் நடந்தான். அவன் வீட்டுக்குப் போனால் திரை மறுபடி மூடும், இனி யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. மூளைக்காரி என்னைப் பார்த்தாள்.

"இரும்பை எக்ஸ்ரே காட்டிடுச்சு ஐயா. மத்ததை நீங்க சொன்னாதான் உண்டு" என்றாள் மெதுவாக.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்று வரை தெரியாது. பதினான்காவது கேள்விக்கு நான் கொஞ்சம் அவசரமாகப் பதில் சொல்லியிருப்பேன் போல.

லிப்ட் வாசலுக்குப் போய் அவன் ஒரு காதிலிருந்து ஹெட்போனை இழுத்தேன்.

"எனக்கும் கேக்கும்டா."

"என்ன கேக்கும்?"

"குரல். பத்தொன்பது வயசிலிருந்து. ஒரே ஆள்தான். லேத்துல நிக்கும்போது பின்னாலிருந்து சொல்லும், 'கையை எடுடா'ன்னு. திரும்பினா யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு தடவை எடுக்காம இருந்திருந்தா விரல் போயிருக்கும்."

அவன் என் விரல்களை எண்ணுவது போலப் பார்த்தான். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா அவ என்னைத் தூங்கவிடுவாளா?"

"இப்பவும் கேக்குதா?"

"போன வாரம் கேட்டுச்சு. தேங்காய் உடைக்கறப்ப."

"அவ்ளோதானா? கையை எடுடா, அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"என்னோடதெல்லாம் அப்படி இல்லப்பா."

"உனக்கு வாய்ச்ச மேஸ்திரி சரியில்ல" என்றேன்.

அவன் சிரித்தான். மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்புதான். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

பின்னால் வந்து நின்ற மூளைக்காரியிடம் கேட்டேன், "நீங்க சொன்னது நிஜமா, இல்ல சும்மாவா?"

"இதே கட்டடம்தான். ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். பதினோரு வாரம். இப்பவும் காலைல ஒரு மாத்திரை."

"அப்ப நானும் இவன் மாதிரிதானா? பைத்தியமா நான்?"

"தெரியாது ஐயா. குரல் கேட்டும் கடைசி வரைக்கும் நல்லா இருக்கறவங்க நிறைய பேர் உண்டு. ஒருத்தருக்குக் காவல் நிக்கிற குரல் இன்னொருத்தரை ஏன் கொல்லுதுன்னுதான் நான் தேடறேன். பன்னெண்டு வருஷமா."

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். படித்தவர்கள் எத்தனையோ பேரிடம் நின்றிருக்கிறேன். தெரியாது என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. இவள் தன் தலைக்குள் தன்னைத் திட்டியவர்களைப் பிடித்து உட்கார வைத்து, ஏன் திட்டினாய் என்று பன்னிரண்டு வருடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஓடி ஒளிந்திருக்கலாம். நானென்றால் ஒளிந்திருப்பேன். ஐம்பது வருடம் ஒளிந்தும் இருந்தேன்.

"என் பேரை அந்தக் கேக்காதவங்க கணக்குல போடாதீங்க. தப்பாயிடும்" என்றேன்.

"போட மாட்டேன். ரொம்ப நன்றி ஐயா" என்றாள். அவளுக்கு நாற்பதாவது ஜோடியைக் கெடுத்தவனுக்கு நன்றி சொன்னாள். ஜோடி இல்லாதவர்களுக்கு வேறு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் மகனைச் சேர்க்கலாம், நாலாம் மாடி டாக்டரும் காத்திருக்கிறார், ஆனால் முடிவு அவனுடையது என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் லிப்டைப் பார்த்தான். பிறகு வாட்சைக் கழற்றினான். பெல்ட், சாவி, கடைசியாக ஹெட்போன். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டு என்னிடம் நீட்டினான்.

"பத்திரம்பா."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஆபரேட்டர் அருகில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். அந்தப் பக்கம் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. மெஷின் ஓட ஆரம்பித்ததும் கியரில் பல் உடைந்த மாதிரி ஒரு சத்தம். என் பட்டறையாக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன். இந்த மெஷினுக்கு அதுதான் ஒழுங்கான சத்தம் என்றார்கள். நம்பினேன்.

ஒரு படம் முடிந்து சத்தம் நின்றது. மைக்கில் மகனின் குரல் வந்தது.

"அப்பா இருக்காரா?"

மூளைக்காரி ஒரு பட்டனைக் காட்டி என்னை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

"இங்கதான் இருக்கேன். கையை அசைக்காதடா."

"சரி" என்றான்.

மறுபடி மெஷின் ஓடியது. அவன் கால்கள் அசையவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.