ஒரே மூச்சில் இறங்கிய விலை

மதார் சாகிப்பின் ஒரு சொல் இரண்டாயிரம் ரூபாய் பெறும். 1952-இல் வண்ணாரப்பேட்டைக் கடைவீதியில் அதுதான் நிலவரம். 'சாகிப் சரியென்றார்' என்றால் அவ்வளவு சரக்கும் சீட்டில்லாமல் கடனுக்கு இறங்கும். அவர் கோணிச் சாக்கு வியாபாரி. சாக்கை உதறிப் பார்க்காமல் வாங்கியதில்லை, மனிதனையும் அப்படித்தான். ஆகவே தர்மம் கேட்டு வருகிறவர்கள் முதலில் அவர் கடைக்குத்தான் வருவார்கள். நோட்டில் அவர் முதல் வரி எழுதினால்தான் மற்றவர்கள் கல்லாப்பெட்டியைத் திறப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் அம்புரோஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பொடிந்தவர். எர்ணாவூரில் தேவகிருபை என்ற அம்மாள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்காக நோட்டோடு அலைந்துகொண்டிருந்தார்.

"எவ்ளோ எதிர்பாக்கறே?" என்றார் சாகிப்.

"நூறு ரூபா, பாய்."

"இருபத்தஞ்சு."

"சரி பாய். இருபத்தஞ்சே குடு."

சாகிப்பின் பேனா நின்றுவிட்டது. நிஜச் சரக்கு வைத்திருப்பவன் தலையில் அடித்துக்கொள்வான், தொண்ணூறுக்கு வருவான், எழுந்து தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து எண்பது என்பான். ஒரே மூச்சில் முக்கால் பங்கு இறங்குகிறவனிடம் இருப்பது வெறுஞ்சாக்கு. முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பொய்க்காத சோதனை இது.

"உள்ள சரக்கே இல்லப்பா உங்கிட்ட."

"சரக்கா? பதினோரு புள்ளைங்க கீதுங்க பாய். வந்து பாத்துக்கோ."

"அடுத்த வாரம் பாக்கறேன்."

டீ குடிக்கும்போது தோல் தரகர் மஜீதிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கச் சிரித்தது. அம்புரோஸ் வெறும் நோட்டோடு பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை, உப்பளத்துப் பழஞ்சாக்குக்கு விலை பேச எர்ணாவூர் போன சாகிப், அந்தப் புரட்டையும் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று விடுதிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரே துணியில் வெட்டித் தைத்த சட்டைகளில் பதினோரு பிள்ளைகள். தேவகிருபை கணக்கு நோட்டை நீட்டினாள். அம்புரோஸ் வண்ணாரப்பேட்டை போய்வந்த பஸ் செலவுகூட அதில் இருந்தது. வாடகை பாக்கி நானூற்றைம்பது. வெள்ளி சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் பூட்டிவிடுவார். பிள்ளைகளைப் பிரித்து மூலைக்கொன்றாக அனுப்ப வேண்டியதுதான்.

சாகிப் அம்புரோஸைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்குய்யா அவ்ளோ சீக்கிரம் எறங்கினே?"

"நான் விக்கவா வந்தேன் பாய்? இருபத்தஞ்சுன்னா அரிசியாச்சும் வாங்கலாம்ல."

வெள்ளிக்கிழமை காலை சாகிப் நூற்றைம்பது புரட்டினார். அவருடைய மீதிப் பணமெல்லாம் கல்கத்தாச் சாக்கில் முடங்கிக் கிடந்தது. கடை கடையாக ஏறினார்.

மஜீது கண்ணடித்தார். "மாமு, செவ்வாக்கெழம சரக்கே இல்லன்னே. இன்னிக்குத் தங்கம்ன்றே. நடுவுல கமிஷன் எவ்ளோ?"

"அல்லா மேல ஆணைடா!"

"ஆணை வேறயா? அப்ப பெர்ய தொகைதான்."

கைமாற்றாகவாவது கேட்டார். எதற்கு என்றார்கள். உண்மையைச் சொன்னார், அதுதான் தப்பாகிவிட்டது. சொன்ன விலையைத் தலைகீழாக மாற்றுகிறவனை நம்பாதே என்று அந்தக் கடைவீதிக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அரிசி மண்டி லோகநாதன் மட்டும், "உன் மூஞ்சிக்காக, நைனா," என்று எட்டணா போட்டார்.

"எனக்காக வோணாம். நேர்ல போய்ப் பாருய்யா!"

"அடுத்த வாரம் பாக்கறேன்."

சாயங்காலம் விடுதி வாசலில் வீட்டுக்காரரின் ஆள் பூட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"இருக்கறத வாங்கிக்கோப்பா," என்றார் சாகிப். "மீதிக்கு ஒரு மாசம் தவணை. பதினஞ்சு நாள்? ஒரு வாரம்?"

"மொதலாளி பேரம் பேச மாட்டாரு பாய்."

உள்ளே பிள்ளைகளின் துணிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தேவகிருபை வழக்கம்போல அன்றைய கணக்கை எழுதினாள்.

கையிருப்பு ரூ. 11-4-0
மதார் சாகிப் ரூ. 150-0-0
லோகநாதன் ரூ. 0-8-0
ஆக வரவு ரூ. 161-12-0
கட்ட வேண்டியது ரூ. 450-0-0
பாக்கி ரூ. 288-4-0