கயிறு படாத காளை

நுண்ணோக்கியில் தேடியது கிடைத்துவிட்டது. அப்துல் சுபஹானுக்குச் சந்தோஷம் வரவில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுச் சளி, கரு கலைந்து கன்று வீசிய பசுவின் கருப்பை வாயிலிருந்து எடுத்தது. அதற்குள் சுரைவிதை போன்ற கிருமி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு துள்ளியது.

அவர் கால்நடை ஆராய்ச்சி டாக்டர். நாகலாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பசுக்கள் ஏன் சினை நிற்பதில்லை என்று கண்டுபிடிக்க, அறுபதாம் வருஷம் அரசாங்கம் அவரைக் கோவில்பட்டிக்கு அனுப்பியது. சொந்த ஊர்தான். முதலில் அவர் தீவனத்தைச் சந்தேகப்பட்டார். சோளத்தட்டையைக் காயவைத்து எடைபோட்டார், சாணத்தைக் கரைத்து வடிகட்டினார், கிணற்றுத் தண்ணீரில் உப்புப் பார்த்தார். தட்டை சரியாகச் செரிக்கவில்லை, அதனால்தான் சினை நிற்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதியும் போட்டாயிற்று. இப்போது இந்தச் சனியன் வாலாட்டுகிறது.

இது காளையிடமிருந்து பசுவுக்கு ஒட்டும் நோய். காளையிடம் ஒன்றும் தெரியாது, கொழுகொழுவென்று நிற்கும். பசுதான் ஒன்றிரண்டு மாதத்தில் கருவை யாருக்கும் தெரியாமல் வீசிவிட்டு மறுபடி காளை தேடிக் கத்தும். நோய் கண்ட பசுக்களெல்லாம் போன இடம் ஒன்றே ஒன்று. அய்யனார் கோயில் காளை.

அந்தக் காளைக்கு மூக்கு குத்தியதில்லை. அதன் மேல் கயிறு படக் கூடாது. யார் பருத்தியில் மேய்ந்தாலும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு பசு சினை நிற்கவில்லை என்றால் மஞ்சள் பூசி அதனிடம்தான் கூட்டிப்போவார்கள். அப்போதும் நிற்கவில்லையா, மறுபடியும் கூட்டிப்போவார்கள். ஆக, நோய் தீரவென்று ஊரே வரிசையில் போய் நோயை வாங்கிக்கொண்டு வந்தது.

மருந்து வேண்டாம், செலவும் இல்லை. அந்தக் காளையை ஒதுக்க வேண்டும். பசுக்களை மூன்று மாதம் எந்தக் காளையிடமும் விடாமல் கட்டிப்போட வேண்டும். பசுவின் வயிற்றில் நோய் தானாகச் செத்துவிடும். இதை யாராவது ஊராரிடம் சொன்னால் போதும்.

"நீங்க சொல்லப் போறீங்களாக்கும்?" என்றாள் மெஹராஜ் பேகம், அவர் மனைவி. "சாமி மாட்டுக்குச் சீக்குன்னு ஒரு பாய் சொன்னாருன்னா நல்லாவா இருக்கும்? மாமா பஜார்ல கடை வச்சிருக்காவ. யோசிச்சுக்கோங்க."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சுவர்கள் நெருங்கி வந்தன. சொன்னால் பஜாரில் வாப்பாவின் கடைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அந்தக் கிராமத்து ஆறுமுகத்தாயின் முகத்தில் விழிக்க முடியாது. ஆறுமுகத்தாய்க்குப் புருஷன் இல்லை. இருந்தது ஒரே ஒரு பசு. அது கன்று போட்டு இரண்டு வருஷமாகிறது.

"இந்தத் தடவையும் சினை நிக்கலன்னா வித்துருன்னு கொழுந்தன் நிக்காரு டாக்டரய்யா," என்றாள் அவள். "அதை வித்துட்டு நான் எதை வச்சுக் கஞ்சி குடிக்க?"

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டிக்காரத்தனமான வழி என்றுதான் அவருக்குத் தோன்றியது. கோயில் காரியங்களைப் பார்க்கும் உச்சிமாகாளியிடம் போனார்.

"காளைக்கு வயசாயிருச்சு அண்ணாச்சி. அதான் சினை நிக்க மாட்டேங்குது. வேற இளங்காளை விட்டா நல்லது. பசுக்களும் கொஞ்ச நாள் ஓய்வா இருக்கட்டும்."

உச்சிமாகாளி சிரித்தார். "கெழட்டு மாட்டுக்கு ஓய்வு சரி. பசு என்ன வேலை செஞ்சுது, அதுக்கு ஓய்வு குடுக்க?"

டாக்டரும் சிரித்து வைத்தார். ஓய்வு பற்றி அடுத்த வாரம் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். போகும் வழியில் மனைவிக்குக் கடம்பூர் போளி வாங்கினார். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஊர் அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆள் வந்தது, டாக்டர் உடனே வர வேண்டுமென்று. போய்ப் பார்த்தால் கோயில் முன்னால் கூட்டம். கிழட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பொங்கலும் ஊட்டி, தனியாக வேலிக்குள் விட்டிருந்தார்கள். கழுகுமலையிலிருந்து வந்த இளங்காளை மாலையோடு நின்றது. அதன் மூக்கணாங்கயிற்றை அறுத்துக் கோயிலுக்கு விட்டாயிற்று. டாக்டருக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

எதிரே ஆறுமுகத்தாயின் பசு மஞ்சள் பூசிக்கொண்டு கத்தியது. பின்னால் இன்னும் நாலைந்து பசுக்கள். எல்லாம் அவர் சளி எடுத்துப் பார்த்து நோய் கண்டவை.

புதுக் காளைக்கு நோய் இல்லை. அந்தப் பசுவோடு சேர்ந்தால் வந்துவிடும். பிறகு அதிலிருந்து அடுத்த பசு. மறுபடியும் முதலிலிருந்து.

"அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம்," என்றார். "மூணு மாசம் போகட்டும். பசுக்கள..."

"பசுக்களுக்கு என்ன டாக்டரய்யா? காளைக்குத்தான் வயசாச்சுன்னு நீங்க சொன்னீங்க." உச்சிமாகாளி அவர் தோளில் கை வைத்தார். "ஒங்க ஒரு வார்த்தைக்கு ஊரே சாமி மாட்டை மாத்திருச்சு. கோளாறுன்னா கோளாறுன்னு சொல்லுங்க, நாங்க கேக்க மாட்டமா?"

கேட்டிருப்பார்கள். அது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்த ஜனங்களுக்குப் பயந்தா பொய் சொன்னோம் என்று கூசியது. இப்போது உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். அதுவும் அய்யனார் முன்னால், அவர்கள் போட்ட மாலையோடு. மாலையைச் சரிசெய்துகொண்டார்.

காளையை மாற்றியவர்தான் முதல் பசுவின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. ஆறுமுகத்தாய் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பிடிங்கய்யா. கன்னு பொறந்ததும் மொதச் சீம்பால் ஒங்க வீட்டுக்குத்தான். வீட்டம்மாட்ட சொல்லி வைங்க."

இளங்காளை மோப்பம் பிடித்துக்கொண்டு நெருங்கியது. பசு மிரண்டு விலகப் பார்த்தது. விலகாமல் இருக்க, டாக்டர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.