ஒரு தடவைதான் பார்க்கலாம்

என் மனைவி குழந்தைகளுக்கு உடை தைப்பவள். தெருவில் எல்லோருக்கும் டெய்லரக்கா. இரண்டு வருடமாக அவளுக்கு ஒரே பயம்: தைத்த சட்டைக்குள் ஒரு குண்டூசியை மறந்து விட்டுவிட்டால்? அது குழந்தையைக் குத்திவிட்டால்? ஒரு கவுனை நாற்பது தடவை தடவிப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள்.

"என்னங்க, நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

நான் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் துணி முழுக்க ஓட்டி, "ஒண்ணுமில்ல" என்பேன். அவள் முகம் தெளியும். ஐந்து நிமிடம்தான். மறுபடி "என்னங்க". எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனாலும் ஓட்டுவேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. தைத்த உடைகள் அலமாரியில் குவிந்தன. ஒன்றையும் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "கடையை மூடிடலாங்க" என்று அவள் சொன்ன அன்றுதான் மனநல டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். கூடவே ஒரு பயிற்சி. பயம் குறைவான துணியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே தடவை பார்க்கலாம், பிறகு கையை எடுத்துவிட வேண்டும். பதற்றம் வந்தால் வரட்டும், அதுவாகத் தணியும். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்றீங்கல்ல, அதுதான் இந்த நோய்க்குத் தீனி."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்தவன் நானா!

தலையணை உறை, மேசை விரிப்பு என்று ஆரம்பித்தவள் ஏழாவது வாரத்தில் குழந்தை கவுனுக்கு வந்தாள். பக்கத்துத் தெரு டீச்சரின் இரட்டைக் குழந்தைகளுக்கு இரண்டு கவுன். முதல் கவுனை ஒரு தடவை பார்த்து, மடித்து, பையில் போட்டாள். அரைமணி நேரமாகியும் பையைத் திறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும், புத்திசாலி நான், கவுனை எடுத்துக் காந்தத்தை ஓட்டிவிட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தேனா?

"நானும் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு, பயப்படாத."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கெடுத்துட்டீங்களே! அரைமணி நேரமா பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"உன் நல்லதுக்குத்தானே..."

"நான் பயந்தது சரிதான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடுச்சுங்க."

அவள் அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாவது கவுனை எடுத்தாள். ஒரு தடவை பார்த்தாள். பையில் போட்டு என் கையில் திணித்தாள்.

"ரெண்டையும் நீங்களே குடுத்துட்டு வாங்க. வழியில தொட்டீங்க, தெரியும் சேதி!"

நடந்தேன். பத்தடி போவதற்குள் எனக்கே தோன்றியது: ஒருவேளை குண்டூசி இருந்துவிட்டால்? இரண்டாவதில் நான் காந்தம் ஓட்டவில்லையே. விரல்கள் துறுதுறுவென்றன. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டீச்சர் அந்த இரண்டாவது கவுனையே எடுத்துக் குழந்தைக்கு மாட்டினார். கை நுழைந்ததும் குழந்தை வீரிட்டு அழுதது. எனக்கு உயிரே போய்விட்டது.

"எதைப் போட்டாலும் இவ இப்படித்தான்" என்று டீச்சர் சிரித்தார். ஒரு தடவை தடவிப் பாருங்களேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கேட்க வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள்.

"கேக்க மாட்டேன்" என்றாள்.

"நானும் சொல்ல மாட்டேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பத்து நிமிஷமே தாங்கலம்மா. நீ எப்படி ரெண்டு வருஷம் தாங்கின?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அலமாரியில இருக்கறத நாளைக்கு நான் கொண்டு போறேங்க" என்றாள்.