மாஸ்டருக்கு வந்த சின்னமுத்து

மகேந்திரராசா மாஸ்டர் கண்டியில் உயிரியல் படிப்பிக்கிறவர். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி பற்றிப் பேசத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். உடம்பு ஒரு கிருமியோடு சண்டை பிடித்து வென்றுவிட்டால், பிறகு அதை வாசலிலேயே மறித்துவிடும் என்பார். அப்பேர்ப்பட்டவருக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, வந்ததே இல்லை. ஒற்றைப் பிள்ளை என்று தாய் பொத்திப் பொத்தி வளர்த்ததன் பலன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் அவருடைய ஆறு வயது மகள் வத்சலாவுக்குச் சின்னமுத்து வந்தது. மனைவி லீலாதேவி குண்டசாலை வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார், பொரிப்பதையும் தாளிப்பதையும் நிறுத்தினார், கணவரை அறைக்கு வெளியே தள்ளினார். தனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, வளர்ந்த ஆளுக்கு வந்தால் நெஞ்சில் இறங்கி ஆளையே விழுத்திவிடும் என்பது அவருடைய கட்சி. காற்றில் வரும் கிருமியைக் கதவு என்ன செய்யும் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் லீலாதேவியின் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது. கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு மகளுக்குக் கதை சொன்னார். கதையிலும் பிறபொருளெதிரிதான் கதாநாயகன், பாவம் பிள்ளை.

கொழும்பில் மூண்ட இனக்கலவரம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அங்கேயும் வந்து, சந்தியில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. பின்வீட்டு முஸ்லிம் பெண் றிஸானா வேலியடிக்கு ஓடிவந்து தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். தன் பிள்ளைகளுக்குப் போன வருஷமே சின்னமுத்து வந்து போய்விட்டது, யோசிக்கவேண்டாம் என்றாள். இரவிரவாகக் கண்விழித்த லீலாதேவிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டத் தெம்பில்லை. மாஸ்டர் அறைக்குள் போனார். லீலாதேவி தடுக்கவில்லை. மகளைத் தோளில் போட்டு, தள்ளியிருந்த நாட்களுக்கும் சேர்த்து இறுக்கிக்கொண்டார். அவள் இருமியதெல்லாம் அவர் முகத்தில்தான். சற்று நேரத்தில் அவர்களுடைய வீடும் எரிந்தது.

வத்சலா தேறினாள். மாஸ்டர் விழுந்தார். மூச்சு எடுக்கவே திணறினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் வீதியில் இறங்கப் பயம். லீலாதேவி கண்ணீரும் கம்பலையுமாகப் பக்கத்திலேயே இருந்தார். றிஸானா வீட்டில் அத்தனை நாளும் மீன் பொரிக்கவில்லை. அப்படிச் செய் என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை.

காய்ச்சல் இறங்கிய அன்று மாஸ்டர் கண் விழித்தபோது வத்சலா கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தாள். கிட்ட வராதே என்று கையைக் காட்டினார்.

"எனக்கு இனி வராது அப்பா. நீங்கள்தானே கதவுக்கு வெளியில இருந்து சொன்னீங்கள்" என்றாள் அவள். "இனி நான் உங்களுக்குப் பக்கத்தில படுக்கலாம்."

மாஸ்டர் சுவர்ப் பக்கம் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார்.